அத்தான் நடந்த தூரம்

என் அக்காவின் கணவரைச் சந்தையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘தராசு’. எடையளவு முத்திரை ஆய்வாளராக முப்பத்தோரு வருடம் கடைகடையாக ஏறி இறங்கியவர். தராசு சரியா, படிக்கல் சரியா, துணிக்கடை மீட்டர் கோல் உண்மையிலேயே ஒரு மீட்டர்தானா என்று பார்ப்பது அவர் வேலை. சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லையென்றால் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். கெஞ்சினாலும் சரி, அழுதாலும் சரி, ஒன்றும் நடக்காது.

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்த அன்றே கூடத்துக் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது என்று சொன்னவர் அவர். நான் ஜெராக்ஸ் கடை திறந்த அன்று எல்லோரும் வாழ்த்திவிட்டுப் போனார்கள். அத்தான் மட்டும் ஒரு நகலை எடுத்து அசலின் மேல் வைத்து ஸ்கேலால் அளந்து பார்த்தார். “மாப்ள, உன் மிஷின் நூத்துக்குத் தொண்ணூத்தொன்பதாத்தான் எடுக்குது” என்றார். இன்றுவரை ஒரு வாடிக்கையாளர்கூடக் கண்டுபிடிக்காத குறை அது. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு தாளையும் எடுக்கும்போது அந்த ஒரு பங்கு என் மனதைக் குடைந்துகொண்டேதான் இருக்கிறது.

போன வருடம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இருபது கிலோ படிக்கல்லைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார். பிறகு இரண்டு மாதம் வீட்டில் ஓய்வு.

ஓய்வு அவருக்கு. அக்காவுக்கு இல்லை. அக்கா வீட்டு முன்னறையில் இஸ்திரி போடுகிறாள். இரண்டு ஆஸ்பத்திரிகளின் சீருடைகள் மூட்டை மூட்டையாக வரும். அத்தான் அந்த மூட்டைகளை எடை போட ஆரம்பித்தார். சட்டைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்கெடுத்தார். சமையலறைக்குப் போய் அரை லிட்டர் செம்பில் நானூற்று எழுபது மில்லிதான் பிடிக்கிறது என்று நிரூபித்தார்.

“டேய், இந்த மனுஷன் வெளிய போகலன்னா நான் போயிடுவேன்” என்று அக்கா என் கடைக்கு வந்து நின்றாள். “சோத்துல உப்பு போட்டா, எத்தனை கிராம்னு கேக்கறாருடா!”

வெளியே போவது அவ்வளவு சுலபமாக இல்லை. ஓய்வு பெற அத்தானுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. அலுவலக மருத்துவ அதிகாரி ஒரு படிவம் கொடுத்திருந்தார். நாற்பது நிமிடத்தில் மூன்று கிலோமீட்டர் நடக்க முடிய வேண்டும். முப்பது நாள் அப்படி நடந்ததற்குக் கையில் கட்டும் வாட்ச்சின் பதிவைக் காட்ட வேண்டும். காட்டினால் மறுபடியும் சந்தை. இல்லையென்றால் மிச்சமிருக்கும் பதினான்கு மாதமும் பதிவேட்டு அறை. ஜன்னல் இல்லாத அந்த அறையில் உட்கார்ந்து பழைய கோப்புகளுக்கு எண் போட வேண்டியதுதான். அத்தான் அந்த அறையைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கிவிடும். செத்துப்போவதைப் பற்றிக்கூட அவர் அப்படிப் பேசியதில்லை.

வாட்ச்சை வாங்கிக் கொடுத்தது நான்தான். நடக்க ஆரம்பிக்கும்போது ஒரு பொத்தான், முடிக்கும்போது ஒரு பொத்தான். பதிவு என் போனுக்குப் போகும். நான் என் கடையில் அச்செடுத்துக் கொடுப்பேன். வீட்டுக்குப் பக்கத்து ஜிம்மில் சேர்த்தும் விட்டேன். இனி அக்கா பிழைத்துக்கொள்வாள் என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். எனக்கு எப்போதுமே அவசரம்.

முதல் நாள் அத்தான் டிரெட்மில்லில் ஏறி, முன்னால் இருக்கும் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் நடந்தார். திரையில் மூன்று கிலோமீட்டர் என்று காட்டியது. வாட்ச்சைப் பார்த்தார். ஒன்று புள்ளி ஏழு.

வேறு யாராவது என்றால் தோளைக் குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அத்தான் அங்கேயே நின்றார். முப்பத்தோரு வருடமாக மார்க்கெட்டில் அவர் முகத்தில் வரும் அதே களை வந்தது.

மறுநாள் கம்பியை விட்டுவிட்டு, கையை வீசி நடந்தார். திரையில் அதே மூன்று. வாட்ச்சில் மூன்று புள்ளி நான்கு.

“மாப்ள, கால் என்னோடது. வேகம் அதே வேகம். கம்பியைப் பிடிச்சா ஒண்ணு ஏழு, விட்டா மூணு நாலு. இது காலை அளக்கல. கையை அளக்குது.”

“அத்தான், அது மணிக்கட்டுல இருக்கு. கை ஆடறத வச்சுத்தான் கால் எத்தனை வச்சீங்கன்னு யூகிக்கும். ரோட்ல நடந்தா சாட்டிலைட் பாத்துத் தூரத்தைச் சரி பண்ணிக்கும். டிரெட்மில்ல நீங்க நின்ன இடத்துலயே நிக்கிறீங்களே, அதுக்கு என்ன தெரியும்?”

“யூகிக்குமா?” என்றார். அந்த வார்த்தையை ஏதோ கெட்ட வார்த்தையைப் போலத் திருப்பிச் சொன்னார். “அளவுகருவி யூகிக்குமா?”

ரோட்டிலேயே நடக்கலாமே என்றேன். தெருவில் தனியாக நடக்க டாக்டர் இன்னும் விடவில்லை. விழுந்தால் தூக்க ஆள் இருக்கும் இடத்தில்தான் நடக்க வேண்டும். சரி, அப்படியென்றால் டிரெட்மில் திரையை நம்புங்கள் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. “அதுக்கு யார் முத்திரை குத்தினது?” என்று கேட்டார்.

மூன்றாம் நாள் காலையில் ஸ்டீல் டேப்பும் சாக்பீஸுமாக ஜிம்முக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன். அவர் ஏதாவது வம்பில் மாட்டிக்கொள்வார் என்று தெரியும். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, டிரெட்மில்லின் பெல்ட்டைக் கையால் உருட்டி உருட்டி முழுச் சுற்றையும் அளந்தார். மூன்று மீட்டர் இருபது சென்டிமீட்டர். பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பிறகு ஏறி நடந்தார். கோடு ஒவ்வொரு முறை பின்னால் போய் முன்னால் வரும்போதும் நான் எண்ண வேண்டும். நாற்பது நிமிடம், ஒரு கோட்டை! நடுவில் கொட்டாவி விட்டதற்குத் திட்டு வாங்கினேன். திரை மூன்று கிலோமீட்டரைத் தொட்டபோது எண்ணூற்று இருபத்தைந்து சுற்று ஆகியிருந்தது. அடுத்த இரண்டு நாளும் அதே வேலை, அதே எண்ணூற்று இருபத்தைந்து.

“ரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பது மீட்டர்” என்றார் அத்தான். “கிலோமீட்டருக்கு நூத்தி இருபது மீட்டர் இந்த மிஷின் பொய் சொல்லுது, மாப்ள.”

சந்தோஷமாகச் சொன்னார். ஸ்டென்ட் வைத்த பிறகு அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சந்தோஷம் அது. அடுத்த நிமிடமே அவர் ஒரு தாளில் ‘இக்கருவி கிலோமீட்டருக்கு 120 மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது’ என்று எழுதித் திரைக்கு மேல் ஒட்டினார். ஜிம் மாஸ்டர் பார்க்கிறாரா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

சாயந்திரம் ஜிம்மில் கலவரம். அந்த மிஷினில் முதல்முறையாக ஐந்து கிலோமீட்டர் ஓடி முடித்து, ஊரெல்லாம் படம் அனுப்பியிருந்த வங்கிக்காரம்மா ஒருவர் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார்.

“என் அறுநூறு மீட்டர் எங்க மாஸ்டர்?”

“அது எங்கயும் போகலம்மா, பெல்ட்டு தேஞ்சிருக்கு, அவ்வளவுதான்.”

“பெல்ட்டு தேஞ்சா நான் எப்படி ஓடாம இருந்திருப்பேன்? நான் ஊருக்கே சொல்லிட்டேனே!”

மாஸ்டர் தாளைக் கிழித்தார். அத்தான் மறுநாள் இன்னொன்று ஒட்டினார். மாஸ்டர் என்னிடம் வந்து, “உங்க அத்தானுக்கு நெஞ்சுல கோளாறுன்னு சொன்னாங்க, எனக்கென்னமோ அது வேற எங்கயோன்னு தோணுது” என்றார். பூசி மெழுகி அனுப்பிவைத்தேன்.

ஆனால் வேடிக்கைக்குப் பின்னால் ஒரு விஷயம் இருந்தது. அத்தான் வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கியது. வியர்த்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பழையபடி மெதுவாக நடந்தார். பிடித்தால் வாட்ச் ஒன்று ஏழு காட்டும். விட்டால் பொய் காட்டும். பொய்யான பதிவை எடுத்துக்கொண்டு போக மாட்டார். ஒன்று ஏழைக் காட்டினால் பதிவேட்டு அறை. இரவுச் சாப்பாட்டை அளக்காமல் சாப்பிட ஆரம்பித்தார். அதைப் பார்த்துத்தான் அக்கா பயந்துபோனாள்.

“உப்பு எத்தனை கிராம்னு கேக்கவே இல்லடா இன்னிக்கு” என்றாள். கண் கலங்கியிருந்தது. “வீட்ல உக்காந்திருக்கற இந்த ஆளு யாருன்னே தெரியல.”

அப்போதுதான் அந்த மகாபாவமான காரியத்தை நான் செய்தேன். அத்தான் ஜிம்மிலிருந்து வந்து, குளித்து, ஒரு மணி நேரம் தூங்குவார். அந்த நேரத்தில் வாட்ச்சை அக்கா கையில் கட்டி, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லிக் கொடுத்தேன். அக்கா இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் தள்ளினாள். அந்த வாட்ச்சுக்கு அது நடை. நாற்பது நிமிடம் இஸ்திரி போட்டால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஒரு சொச்சம். அத்தானின் ஒன்று ஏழை நான் போனிலிருந்து அழித்துவிடுவேன். தாளுக்கு மேல் தாளாக என் கடையில் பதிவு அச்சாகிக்கொண்டிருந்தது. அத்தான் அதை வாங்கிப் பார்ப்பதில்லை. “ஒண்ணு ஏழைப் பாத்து என்ன ஆகப்போகுது, கட்டி வை” என்று சொல்லிவிட்டார். நாங்கள் தப்பித்துக்கொண்டே இருந்தோம்.

இருபத்தாறாம் நாள் ஜிம்மில் டிரெட்மில்லின் மோட்டார் எரிந்துபோனது. அத்தான் ஜிம் வாசலிலிருந்தே திரும்பி வந்து, தூங்கும் நேரம் வரை வெளித்திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு அது தெரியாது. பின்கட்டில் சீருடை எண்ணிக்கொண்டிருந்தவள், அவர் வழக்கமான நேரத்துக்குத் தூங்கியதும் வழக்கம்போல வாட்ச்சைக் கட்டிக்கொண்டாள்.

எழுந்ததும் அத்தான் வாட்ச்சைக் கையில் மாட்டினார். அது சின்னதாக அதிர்ந்து, திரையில் பூ மழை பொழிந்து, ‘வாழ்த்துகள்! இன்று 3.12 கிலோமீட்டர்’ என்றது.

அவர் என்னைப் போனில் கூப்பிட்டார். “மாப்ள, நான் இன்னிக்கு எங்க நடந்தேன்?”

நான் ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் அக்கா எல்லாவற்றையும் கக்கிவிட்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட கடைக்காரனைப் போல இஸ்திரிப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அத்தான் கத்துவார் என்று இருவரும் காத்திருந்தோம். அவர் ஒரு நோட்டை எடுத்தார்.

“எத்தனை சட்டை போட்ட?”

“இருபத்து நாலு.”

“முழுக்கை எத்தனை, அரைக்கை எத்தனை?”

“பன்னெண்டு, பன்னெண்டு.”

“வாட்ச்சக் கட்டு. ஒவ்வொண்ணாப் போடு.”

பக்கத்திலேயே நின்று அளந்தார். முழுக்கைச் சட்டைக்கு நூற்றைம்பது மீட்டர். அரைக்கைக்கு நூற்றுப்பத்து. நோட்டில் எழுதி, கூட்டி, சரியாக மூன்று கிலோமீட்டர் நூற்றிருபது வந்ததும் தலையாட்டினார். பிறகு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது எனக்கு.

முப்பதாம் நாள் மூன்று பேரும் மருத்துவ அதிகாரியிடம் போனோம். சின்ன வயதுப் பெண் டாக்டர். நான் அச்செடுத்த பதிவுகளைப் புரட்டிவிட்டு, “மூணு, மூணு ஒண்ணு, மூணு ரெண்டு... அருமையா நடந்திருக்கீங்க சார்” என்று பேனாவைத் திறந்தார்.

“கையெழுத்துப் போடாதீங்க” என்றார் அத்தான். நோட்டை மேஜையில் வைத்தார். “அது நான் நடந்தது இல்ல. என் சம்சாரம் இஸ்திரி போட்டது.”

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அத்தான் ஒன்று விடாமல் சொன்னார். கம்பியைப் பிடித்தால் வாட்ச் குறைக்கிறது, விட்டால் கூட்டுகிறது, இஸ்திரிக்கும் நடைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. டிரெட்மில் கிலோமீட்டருக்கு நூற்றிருபது மீட்டர் கூட்டிச் சொல்கிறது. சாக்பீஸ் கணக்குப்படி அவர் நாற்பது நிமிடத்தில் நடப்பது இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. “ஆக முந்நூத்தி அறுபது மீட்டர் குறைவு. நான் தேறல” என்றார். முப்பத்தோரு வருடமாக எத்தனையோ கடைக்காரர்களிடம் சொன்ன அதே குரலில் தன்னைப் பற்றிச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சார், உங்க இதயம் இப்ப நல்லாத்தான் இருக்கு. நாலு மாசத்துக்கு முன்னாடி படுக்கையில இருந்தவர் ரெண்டரைக்கு மேல நடக்கறது பெரிய விஷயம். கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா ஒண்ணும் இல்ல, நான் போட்டுத் தரேன்” என்றார்.

“முன்னப் பின்னன்னா எத்தனை?” என்றார் அத்தான்.

அக்காவுக்கு அப்போதுதான் வெடித்தது. “ஏங்க, ஊர்ல இருக்கற தராசுக்கெல்லாம் இத்தனை கிராம் கூடக் குறைய இருக்கலாம்னு சட்டத்துலயே விட்டிருக்காங்கன்னு நீங்கதானே சொல்லுவீங்க? புதுத் தராசுக்கு ஒரு பங்கு, கடையில உழைச்ச தராசுக்கு ரெண்டு பங்குன்னு. முப்பது வருஷமாக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். நெஞ்சுல கம்பி வச்ச மனுஷனுக்கு மட்டும் ஒரு பங்குகூடக் கிடையாதா?”

அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார். தான் சொன்னதெல்லாம் ஒருத்தி காதில் விழுந்திருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். பிறகு, என்ன செய்ய, அவர் அவர்தானே, விரல்விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

“ரெண்டு பங்கு விட்டாலும் முந்நூத்தி அறுபதுக்குத் தாங்காது” என்றார் மெதுவாக. “ஆனா நிராகரிச்சா, சரி பண்ணி மறுபடி கொண்டு வரச் சொல்லி நாள் கொடுக்கணும். அது விதி. எனக்குப் பத்து நாள் கொடுங்க டாக்டரம்மா.”

டாக்டர் பத்து நாள் என்று படிவத்தில் எழுதினார். அத்தான் கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, “இது வேண்டாம். உங்க சாக்பீஸே போதும். ஆனா நெஞ்சு அடைச்சா உடனே இறங்கிடணும்” என்றார்.

ஜிம்மில் மோட்டார் மாற்றியிருந்தார்கள். பொய் மட்டும் மாறவில்லை. நூற்றிருபது அப்படியே இருந்தது. இந்த முறை அக்காவும் வந்தாள். சீருடை மூட்டைகள் வீட்டில் காத்துக் கிடந்தன. அவள் டிரெட்மில்லின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து கோட்டை எண்ணினாள். எனக்கு நேரம் பார்க்கும் வேலை. முதல் நாள் எண்ணூற்று நாற்பது சுற்று. நான்காம் நாள் எண்ணூற்று எழுபது. ஆறாம் நாள் மூச்சு முட்டி நடுவில் இறங்கிவிட்டார். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் தொள்ளாயிரத்து இருபது. தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு வேண்டும்.

பத்தாம் நாள் ஜிம்மில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். வங்கிக்காரம்மாவும் வந்திருந்தார். அந்த மிஷினில் இப்போது ஐந்து புள்ளி ஏழு ஓடினால்தான் ஐந்து என்று அவருக்குத் தெரியும். அதை ஓடி முடித்துவிட்டு மறுபடி எல்லோருக்கும் படம் அனுப்பியிருந்தார். மாஸ்டர்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அத்தான் கம்பியை விட்டுவிட்டு நடந்தார். எழுநூறைத் தாண்டியதும் அவர் சட்டை நனைந்துவிட்டது. எண்ணூறில் அக்காவின் குரல் தழுதழுத்தது, ஆனால் எண்ணிக்கை தப்பவில்லை. தொள்ளாயிரத்தில் எல்லோரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். அத்தான் கையை உயர்த்தி அடக்கினார். எண்ணுவது ஒருவர்தான் இருக்க வேண்டும்.

“தொள்ளாயிரத்து முப்பத்தாறு... முப்பத்தேழு... முப்பத்தெட்டு!”

என் கையில் முப்பத்தொன்பது நிமிடம் இருபத்தோரு விநாடி. ஜிம் முழுக்கக் கைதட்டல். மாஸ்டர் விசிலடித்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதை மறைக்கவும் இல்லை. அத்தான் மட்டும் இறங்கவில்லை. மூச்சிரைக்க நடந்துகொண்டே இருந்தார். கோடு இன்னொரு முறை வந்துபோனது. அப்புறம் இன்னொரு முறை.

“என்னங்க, ஆயிடுச்சு, இறங்குங்க! மூணு கிலோமீட்டர் ஆயிடுச்சுங்க!” அக்கா முக்காலியை விட்டு எழுந்தாள். “கணக்கு முடிஞ்சுபோச்சு, இன்னும் எதுக்கு நடக்கறீங்க?”

அத்தான் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“இது கொசுறு” என்றார். “வச்சுக்க.”